ஆனி பிறந்தால் தோட்டம் கருகிவிடுகிறது, வருடம் முழுவதும் பார்க்க ஏதாவது இருக்க என்ன செய்யலாம்?

புதுமடம் மருமகள் (ஆனி 12)

எல்லோருக்கும் வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது அம்பாசமுத்திரம். கல்யாணமாகி ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கிற புதுமடம் வந்து நான்கு வருடம் ஆகிறது. வீடு கடலிலிருந்து அரை கிலோமீட்டர்கூட இருக்காது. வீட்டுக்கு முன்னால் ஐந்து சென்ட் இடம், முழுக்க மணல்.

எங்கள் ஊரில் ஒரு குச்சியை ஒடித்து ஊன்றினால் போதும், மிச்சத்தை ஆற்றுத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். இங்கே ஐப்பசி மழையிலிருந்து தை வரைக்கும் தோட்டம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. பங்குனியில் சோர்ந்துபோகிறது. ஆனியில் காற்று எழும்பியதும் ஒரே வாரத்தில் எல்லாம் முடிந்தது. இட்லிப்பூ, குரோட்டன்ஸ், செம்பருத்தி எல்லாம் நெருப்பில் வாட்டி எடுத்த மாதிரி இலை ஓரம் கருகி நிற்கின்றன. முப்பத்தாறு செடி வைத்திருந்தேன். நேற்று எண்ணிப் பார்த்தேன், பதினொன்றுதான் பச்சையாக இருக்கிறது.

எங்கள் அத்தைக்குப் பங்குனியில் முழங்கால் ஆபரேஷன் நடந்தது. பகல் முழுவதும் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண் முன்னால் இருப்பது இந்த ஐந்து சென்ட்தான். "என்னத்தா, பாக்குறதுக்கு ஒண்ணுமே இல்லாமப் போச்சே" என்று நேற்றுச் சொன்னார்கள். மனதில் அப்படியே தைத்துவிட்டது.

எல்லா மாதமும் பார்க்கவோ முகரவோ ஏதாவது ஒன்று இருக்கும்படி செய்ய முடியுமா? போர் தண்ணீர் சவர், டிடிஎஸ் மீட்டரில் (தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற கருவி) 2,900 காட்டியது. கொல்லையில் அத்தை காலத்துக் கிணறு ஒன்று இருக்கிறது, பத்தடி ஆழம். அதில் 650. தெற்கே காற்றுக்காக ஐந்தடிக்குச் சுவர் எழுப்பினோம். சுவர் ஓரத்துச் செடி கொஞ்சம் தப்பிக்கிறது, ஆனால் அதிலிருந்து பத்தடி தள்ளி இருப்பவைதான் அதிகம் அடிபடுகின்றன. அது ஏன் என்றும் புரியவில்லை.


தங்கச்சிமடம் நாற்றுக்காரர்

தங்கச்சி, மல்லி வையுங்கள். எங்கள் ஊர் மணலில் பதியம் போட்ட நாற்றுதான் மதுரைப் பக்கத்துக்கெல்லாம் போகிறது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த மல்லித் தோட்டங்களுக்கு நாற்று கொடுக்கிற மண் இதே கடற்கரை மண். கார்த்திகைக் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து பண்ணுங்கள். மாசி, பங்குனியில் மொட்டுப் பிடித்து ஆடி வரை பூக்கும். உங்களுக்குத் தோட்டம் சோர்ந்துபோகிற மாதங்கள்தான் அதற்குக் கொண்டாட்டம். ஒன்று மட்டும், போர் தண்ணீரைக் கண்ணிலும் காட்டாதீர்கள். கிணற்றுத் தண்ணீர்தான்.


பெரியபட்டினம் டீச்சர்

உன்னை மகளே என்றே கூப்பிடுகிறேன், என் மகளுக்கும் உன் வயதுதான் இருக்கும். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு, ஓய்வு பெற்ற பன்னிரண்டு வருடமாகத் தோட்டமே கதி என்று இருக்கிறேன். உன் அத்தை சொன்ன வார்த்தையைப் படித்த பிறகு சும்மா கடந்துபோக முடியவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் காற்று. ஆனியில் உங்கள் ஊரில் சாரல் அடிக்குமே, அதே காற்றுதான் இங்கேயும் வருகிறது. மழையை மேற்கு மலையிலேயே இறக்கிவிட்டு, சமவெளி நெடுகச் சூடேறி, நம்மிடம் வரும்போது வெறும் காய்ந்த காற்றாக வருகிறது. கச்சான் என்பது அதைத்தான். போதாததற்கு உன் வீடு தென்கடல், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம். கச்சான் அடிக்கிற நாளில் ஜன்னல் கண்ணாடியில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்துப் பார், உப்புக் கரிக்கும். அதே உப்புத்தான் இலை ஓரத்தையும் கருக்குகிறது. அரியமான் மாதிரி வடகடல், அதாவது பாக் நீரிணை ஓரத்தில் ஆனி, ஆடியில் கடல் குளம் போலக் கிடக்கும். அவர்களுக்குக் கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று அடிக்கும்போதுதான் பாடு. சில கிலோமீட்டர் குறுக்கே போனால் செடிக்கு ஆகாத மாதமே மாறிவிடுகிறது. அதனால் கோயம்புத்தூர்க்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் எழுதுகிற மாதக் கணக்கைப் பார்த்து ஏங்காதே. நம் கணக்கு வேறு.

சுவர் விஷயம். சுவர் காற்றைத் தடுக்காது, தூக்கிவிடும். ஏறின காற்று சுவரைத் தாண்டியதும் சுருண்டு கீழே விழும். விழுகிற இடத்தில்தான் உன் இட்லிப்பூ நிற்கிறது. காற்றுக்கு ஏற்ற தடுப்பு என்பது பாதியை விட்டுப் பாதியை வாங்குவது. நம் பக்கத்துக் கிழவிகள் பனைமட்டை வேலியை இரண்டு விரல் சந்து விட்டுத்தான் கட்டுவார்கள். அந்த மாதிரி வேலிக்குப் பின்னால், அதன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரைக்கும் காற்று தணிந்திருக்கும். ஆறடி வேலி அறுபதடியைக் காப்பாற்றும். உன் ஐந்து சென்டுக்குத் தாராளம். சுவரை இடிக்க வேண்டாம். அதன் மேலேயே இரண்டடிக்கு மட்டையைக் கட்டு. உள்ளே நான்கடி தள்ளிக் கிளுவையும் நொச்சியும் மாற்றி மாற்றி ஒரு வரிசை, அதற்கு முன்னால் அரளி. மூன்றுமே குச்சியில் வரும், காசு செலவில்லை. அரளியை ஆடு தொடாது. விஷம் என்பதால், வீட்டில் குழந்தை இருந்தால் சொல்லி வை.

தண்ணீர். உன் கொல்லைக் கிணறு ஒரு பொக்கிஷம், அதைப் பத்திரமாக வைத்துக்கொள். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி உப்புத் தண்ணீருக்கு மேலே ஓர் ஏடு மாதிரி மிதந்துகொண்டிருக்கும். நல்ல தண்ணீர் லேசு, கடல் தண்ணீர் கனம், அதனால்தான். தனுஷ்கோடியில் பெண்கள் கடலுக்குப் பக்கத்திலேயே கையால் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பது இப்படித்தான். ஆழத்துக்குப் போன உன் போர் அந்த ஏட்டைத் தாண்டி உப்புக்குள் நிற்கிறது. கிணற்றில் பெரிய மோட்டாரைப் போட்டு உறிஞ்சினால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும். வாளியால் இறை. மோட்டார்தான் வேண்டுமென்றால் சின்னதாக வைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டு, நிறுத்து, ஊறவிடு. தண்ணீரை வேரில் ஊற்று, இலையில் படாமல். கச்சான் பலமாக அடித்த மறுநாள் காலையில் மட்டும் கிணற்றுத் தண்ணீரால் இலையைக் கழுவிவிடு.

குழி எடுத்தால் இரண்டடிக்கு எடு. அடியில் தேங்காய் மட்டையை மல்லாக்க அடுக்கு, கிண்ணம் மாதிரி தண்ணீர் நிற்கும். அதன் மேல் கண்மாய்க் கரம்பை (கண்மாய் அடியில் படிந்த வண்டல்), மக்கிய சாணம், பிறகு நம் மணல். மணலுக்குப் பிடிமானம் கொடுக்கக் கரம்பை போல வேறொன்று இல்லை.

நான் பட்ட ஒரு பாட்டையும் சொல்லிவிடுகிறேன். தோட்டம் ஆரம்பித்த இரண்டாம் வருடம், கரையில் கட்டக்கோரைப் பாசி மலையாக ஒதுங்கிக் கிடந்தது. நல்ல உரம் என்று கேள்விப்பட்டிருந்தேன். சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து, அவரைப் பாத்தியில் அரையடிக்கு மூடாக்குப் போட்டேன். பத்தே நாள். பிஞ்சும் பூவுமாக இருந்த கொடி, ஓரத்திலிருந்து மஞ்சளாகி, பிறகு வெற்றிலைக் காவி நிறமாகி, தொட்டால் அப்பளம் போல நொறுங்கியது. பாசியில் ஒட்டியிருந்த உப்பை நான் கழுவவே இல்லை. அந்தப் பாத்தியில் அடுத்த மழை வரை கீரைகூட முளைக்கவில்லை. இப்போதும் பாசி எடுக்கிறேன். ஆனால் கொல்லை மூலையில் குவித்து, ஐப்பசி மழை முழுவதையும் அதன் தலையில் பெய்யவிட்டு, தையில்தான் கையில் எடுப்பேன். அதற்குள் கறுத்துப் பொலபொலவென்று இருக்கும். மண்புழு அதில் நெளியும்.

சரி, இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். செடி வாங்கப் போவதற்கு முன்னால் உன் அத்தையின் நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார். நின்றுகொண்டு பார்க்கிற தோட்டம் வேறு, உட்கார்ந்து பார்க்கிற தோட்டம் வேறு. உயரமான செடியைத் திண்ணைக்குப் பக்கத்தில் வைத்தால் அத்தைக்கு ஒரு செடிதான் தெரியும். பக்கத்தில் தாழ்ந்தவை, தூரத்தில் உயர்ந்தவை. இன்னொன்று, பூ மட்டுமே பார்க்கிற பொருள் என்று நினைத்துக்கொள்ளாதே. காய் சிவப்பது, இலை துளிர்ப்பது, குருவி குளிப்பது, சாயங்கால வாசனை எல்லாமே கணக்கில் சேரும். அப்படிக் கணக்குப் போட்டால் நம் கரையில் காலியாக ஒரு மாதம்கூட இல்லை.

எங்கள் வீட்டு வருடத்தைச் சொல்கிறேன். நமக்கு வருடம் ஐப்பசியில் தொடங்குகிறது. முதல் மழை விழுந்த இரண்டு மூன்று நாளில், அதுவரை விறகுக் குச்சியாக நின்ற கிளுவையில் கணுவுக்குக் கணு பச்சைப் புள்ளி வைக்கும். வேலியோரம் செங்காந்தள் தானாக எழும்பும். கிழங்கு நிலத்துக்குள் கோடை முழுவதும் தூங்கி மழைக்கு விழிப்பது அது. இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி வேலியைப் பிடித்து ஏறும். பூ பச்சையாக வந்து, மஞ்சளாகி, சிவப்பாகி முடியும். ஒரே கொடியில் மூன்று நிறத்தையும் ஒரே நாளில் பார்க்கலாம். அதன் கிழங்கும் விஷம், கை படாத ஓரத்தில் வை. சங்குப்பூவும் அந்திமந்தாரையும் விதை போட்டால் போதும், பிறகு ஒவ்வொரு மழைக்கும் அவையே வரும். ஐப்பசி, கார்த்திகையில் உனக்கு வேலை வேர் அழுகாமல் பார்ப்பதுதான். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். மணல்தானே, வடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அடியில் நீர்மட்டம் ஏறி நின்றுவிட்டால் மணலும் வடியாது. பாத்தியை அரையடி மேடாக வை.

மார்கழியில் டிசம்பர் பூ, கோலத்துக்குப் பூசணிப்பூ. இதற்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீயே வைத்திருப்பாய்.

தை, மாசிக்கு நம் ஊர் குண்டு மிளகாய் வை. 2023-இல் ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்களே, அதுதான். புரட்டாசிக் கடைசியில் விதைத்தால் தையில் காய் திரண்டு, மாசியில் ஒவ்வொன்றாகச் சிவக்கும். எட்டுச் செடியை வரிசையாகத் திண்ணையிலிருந்து பார்க்கும்படி வை. குங்குமச் சிமிழ் தொங்குகிற மாதிரி இருக்கும். ரோஜா தோற்றுப்போகும், மெய்யாகவே சொல்கிறேன்.

பங்குனியிலிருந்து மல்லி. நாற்றுக்காரத் தம்பி சொன்னது சரி. திண்ணைக்கு மேற்கே வை, சாயங்காலக் காற்றில் வாசனை அத்தை பக்கம் வரும்.

சித்திரை, வைகாசி வெயிலுக்கு அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி மூன்றும் போதும். வெயில் ஏற ஏறப் பூக்கிற சாதி அவை. ஆனால் அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் எல்லோரும் பார்ப்பது பூவை இல்லை. வேப்பமரத்தடியில் ஓர் அகலமான மண்சட்டியில் நல்ல தண்ணீர் வைப்பேன், நடுவில் ஒரு கல். காலை ஏழு மணிக்குத் தவிட்டுக்குருவி ஏழெட்டாக வரும். ஒன்று குளிக்கும்போது மற்றவை சுற்றி நின்று கத்தும். பிறகு மைனா, அணில். மத்தியானம் செம்போத்து தனியாக வந்து அவசரமில்லாமல் குடிக்கும். சவர்த் தண்ணீர் வைத்தால் வந்து பார்த்துவிட்டுப் போய்விடும். உன் அத்தைக்கு முதலில் இதைச் செய். இதற்கு மழை வரக் காத்திருக்க வேண்டியதில்லை, நாளைக்கே செய்யலாம்.

இனி ஆனி, ஆடி. நீ அழுத மாதங்கள். அந்த இரண்டு மாதமும் உயரத்தை மறந்துவிடு, தரையைப் பார். கடற்கரையில் அடப்பங்கொடி கச்சானிலும் கொழுகொழுவென்று கிடக்கிறதே, ஊதாப் பூவோடு. சங்கப் பாட்டில் அடும்பு என்று வருகிற கொடி அதுதான். நெய்தல் நிலத்துக்கு உரியது என்று அன்றைக்கே சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒரு முழம் கொடியை வெட்டிச் சுவர் ஓரத்தில் புதைத்துவிடு. திண்ணைப் படிக்கட்டு ஓரம் டேபிள் ரோஸ். பத்து மணிக்கு விரிந்து மத்தியானம் மூடும், அத்தைக்குக் கடிகாரம் மாதிரி. அப்புறம் ஒரு பூவரசு. வளர நாளாகும், ஆனாலும் வை. உப்புக்கும் காற்றுக்கும் அஞ்சாத மரம். காலையில் வெளிர் மஞ்சளாக விரிகிற பூ, பொழுது சாய்கையில் செம்புச் சிவப்பாகிவிடும். மறுநாள் மரத்தில் மஞ்சளும் தரையில் சிவப்புமாகக் கிடக்கும். எங்கள் வீட்டில் வருடத்தில் பாதி நாளுக்கு மேல் அது நடக்கிறது, எனக்கு இன்னும் பார்த்துத் தீரவில்லை.

ஆவணி, புரட்டாசியில் பூ குறைவுதான். ஆனால் பனம்பழம் விழும் காலம் அது. அந்தக் கொட்டைக்கென்று ஒரு பாத்தி ஒதுக்கு. மணலைக் குவித்துக் கொட்டையை நெருக்கமாக அடுக்கி மூடிவிட்டால், மழையில் கிழங்கு இறங்கும். பொங்கலுக்கு முன்னால் தோண்டலாம். மேலே பார்க்க ஒன்றும் இருக்காது. ஆனாலும் கீழே ஒன்று வளர்கிறது என்று தெரிந்து காத்திருப்பதே ஒரு சுவை.


புதுமடம் மருமகள்

டீச்சரம்மா, இதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். பனங்கொட்டைப் பாத்தி வந்ததும் நிறுத்தச் சொன்னார்கள். கிணற்றுக்குக் கிழக்கே அவர்கள் மாமனார் பாத்தி போட்ட இடத்தைக் கைத்தடியால் காட்டினார்கள். நாங்கள் அங்கே ஜல்லி கொட்டி வைத்திருக்கிறோம், இந்த ஞாயிற்றுக்கிழமை அள்ளிவிடுவோம். மண்சட்டி வைத்தாயிற்று. இன்று ஒரு காகமும் இரண்டு அணிலும் மட்டும் வந்தன. கருகி நிற்கிற செடிகளைப் பிடுங்கிவிடலாமா? கிளுவைக் குச்சியை இப்போதே ஊன்றலாமா?


கீழக்கரை லாத்தா

தங்கச்சிக்கு என் சலாம். எங்கள் வீட்டில் மண்ணே கிடையாது, முற்றத்தில் தொட்டிகள்தான். எனக்குத் தெரிந்த இரண்டு மூன்றைச் சொல்கிறேன். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரை வாளியில் பிடியுங்கள். அதில் உப்பே இருக்காது, மல்லித் தொட்டிக்கு அதைத்தான் ஊற்றுகிறேன். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியே போகிற தண்ணீரை மட்டும் செடிக்கு ஊற்றாதீர்கள், உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். நான் தெரியாமல் ஊற்றி ஒரு கறிவேப்பிலையை இழந்தேன். காற்றுக் காலத்தில் தொட்டிகளைத் தனித்தனியாக வைக்காமல் ஒன்றோடொன்று உரச நெருக்கி வையுங்கள், ஒன்றுக்கொன்று நிழல். வேலிக்கு மருதாணியும் சேருங்கள். வறட்சி தாங்கும், வெட்ட வெட்டத் துளிர்க்கும். பூ பார்வைக்கு ஒன்றுமில்லை, வாசனை மட்டும் தெருமுனை வரை போகும். பெருநாள் ராத்திரிக்கு எங்கள் தெருவுக்கே எங்கள் முற்றத்து மருதாணிதான்.


பாம்பன் தம்பி

அக்கா, பழைய வலை கரையில் கிழிந்து கிடக்கும், கேட்டால் சும்மா தருவார்கள். சங்குப்பூ, அவரை ஏற்ற அதைவிட நல்ல பந்தல் கிடையாது, உப்புக்கு மட்காது. தரையோடு தொங்கவிடாதீர்கள், ஓணான், பாம்பு சிக்கிக்கொள்ளும், ஓர் அடி தூக்கிக் கட்டுங்கள். பாத்தி ஓரத்துக்கு அழகாக இருக்கும் என்று கரையில் கிடக்கிற பவளப்பாறைக் கல்லை எடுத்து வராதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது வருகிறது, செத்த கல் என்றாலும் வழக்குதான். கிளிஞ்சல், உடைந்த ஓடு போதும்.


பெரியபட்டினம் டீச்சர்

பிடுங்காதே மகளே. நகத்தால் தண்டைக் கீறிப் பார். உள்ளே பச்சை இருந்தால் செடி உயிரோடு இருக்கிறது. செம்பருத்தி பெரும்பாலும் பிழைக்கும், முக்கால்வாசி வெட்டிவிட்டு அடியில் மட்டை போட்டு மூடி வை. குரோட்டன்ஸ் பிழைத்தால் தொட்டிக்கு மாற்றித் திண்ணைக்குள் வைத்துவிடு, தென்கடல் காற்று அதற்கு ஆகாது.

இப்போது எதையும் நடாதே. குச்சி புரட்டாசிக் கடைசியில், கட்டை விரல் தடிமனில், முழங்கை நீளத்துக்கு மேல். ஆடியில் செய்ய வேண்டிய வேலை மட்டை வேலியும் குழியும். கரம்பை அள்ள அனுமதி வாங்க வேண்டும், ஊரில் விசாரித்துக்கொள். குருவிக்கு நாலைந்து நாள் கொடு, சட்டி இருக்கும் இடம் அதற்குத் தெரிய வேண்டும். காகம் வந்துவிட்டால் மற்றவை பின்னால் வரும். தண்ணீரை மட்டும் தினமும் மாற்று.


புதுமடம் மருமகள் (ஐப்பசி 9)

சொன்னபடியே எல்லாம் முடிந்தது. மட்டை வேலி ஆடி பதினைந்துக்குள் கட்டிவிட்டோம். செம்பருத்தி மூன்றும் பிழைத்தன. குரோட்டன்ஸ் இரண்டு போய்விட்டன. தவிட்டுக்குருவி ஒன்பது வருகின்றன. ஏழு மணிக்குச் சட்டி காலியாக இருந்தால் அத்தை எனக்குக் குரல் கொடுக்கிறார்கள். பனங்கொட்டை நூற்றிருபது புதைத்திருக்கிறோம், அவர்கள் காட்டிய இடத்திலேயே.

மூன்று நாளாக இங்கே மழை. இன்று காலையில் நான் அடுப்படியில் இருந்தேன். திண்ணையிலிருந்து சத்தம் கேட்டு ஓடினேன், விழுந்துவிட்டார்களோ என்று பயந்தே போனேன். அத்தை தடியை ஊன்றிப் படியில் இறங்கி, வேலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். "இங்க வந்து பாரு" என்று கிளுவையைக் காட்டினார்கள். நான்காவது குச்சியில், மேலிருந்து மூன்றாவது கணுவில், அரிசி அளவுக்குப் பச்சை.